போர் மறித்த மொண்டிசோரி அம்மையார்

திருகோணமலையிலும் முன்பள்ளியைப் பலர் ‘மொண்டிசோரி’ என்றே சொல்வார்கள். அது ஒரு பெண்ணின் பெயர். அவரும் போரில் அகப்பட்டவர்.

மரியா மொண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 இல் இத்தாலியில் பிறந்தார். 1896 இல் மருத்துவரானார். வளர்ச்சி குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுடன் பணியாற்றியபோது, கையும் காலும் இயங்கும்போதே பிள்ளை கற்கிறது என்பதைக் கண்டார். 1907 இல் ரோமின் வறிய குடியிருப்பொன்றில் ‘சிறுவர் இல்லம்’ திறந்தார். தரையில் வரைந்த கோட்டின்மேல் நடப்பது, நீர் ஊற்றுவது, சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவுவது எல்லாம் அவரது முறையில் பாடங்களே.

1939 இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய ஆட்சி அவரை எதிரி நாட்டவராகக் கருதியது. மகன் மரியோ தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். தாயின் 70ஆவது பிறந்தநாளில்தான் விடுதலையானார். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு வீசிய காலத்திலும் அவர் இந்தியாவில்தான் இருந்தார். 1944 இல் இலங்கைக்கும் வந்தார். 1952 இல் நெதர்லாந்தில் காலமானார்.

பிறந்த குழந்தை விரலை இறுகப் பற்றுவதும், திடுக்கிட்டுக் கைகளை விரிப்பதும் அனிச்சைச் செயல்கள். மூளை முதிர, சில மாதங்களில் அவை மறையும். மறையாதவற்றைப் பயிற்சியால் சீராக்கினால் படிப்பு மேம்படும் என்று இன்று சொல்லப்படுகிறது. அதற்குப் போதிய சான்று இன்னும் இல்லை. வெடிச்சத்தத்துக்கு நடுங்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது அரவணைப்பும், தேவையெனில் மருத்துவரும்தான்.

ஆனால் தவழவும் ஓடவும் மண்ணில் விளையாடவும் காசு தேவையில்லை. ஓடும் பிள்ளையை இருந்து படி என்று அதட்டுமுன், அதுவும் படிப்புத்தான் என்பதை நினைப்போம்.