பிரஞ்ச் முதல் தங்லீஷ் வரை... ஒட்டு வார்த்தைகளுக்குப் பெயர் வைத்த கணக்கு வாத்தியார்!

பிரேக்ஃபாஸ்ட்டும் லஞ்ச்சும் சேர்ந்தால் பிரஞ்ச். பிரிட்டனும் எக்ஸிட்டும் சேர்ந்தால் பிரெக்ஸிட். நாம தினமும் வாட்ஸ்அப்பில் தட்டுற தங்லீஷும் அதே கேஸ்தான். இப்படி இரண்டு வார்த்தைகளை வெட்டி ஒட்டினால் வருவதை ஆங்கிலத்தில் 'போர்ட்மாண்டோ' என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர், 'ஆலிஸ்' கதைகளை எழுதிய லூயிஸ் கரோல்.

யார் இவர்?

நிஜப் பெயர் சார்லஸ் லட்விட்ஜ் டாட்ஜ்சன். 1832 ஜனவரி 27-ல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள். சின்ன வயதிலிருந்தே இவருக்குத் திக்கிப் பேசும் பிரச்னை இருந்தது. பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணித விரிவுரையாளர் ஆனார்.

புனைபெயரும் வார்த்தை விளையாட்டுதான். சார்லஸ், லட்விட்ஜ் இரண்டையும் லத்தீனுக்கு மாற்றி, முன்பின்னாகத் திருப்பி, மறுபடி ஆங்கிலமாக்கினார். கிடைத்தது லூயிஸ் கரோல்!

பெட்டிக்குள் இரண்டு அர்த்தம்

1855-ல், 23 வயதில், வீட்டில் உள்ளவர்கள் படிக்கக் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தினார். அதில் புரியாத வார்த்தைகளாகப் போட்டு நான்கு வரி எழுதினார். அதில் ஒன்று 'ஸ்லைதி'. சுறுசுறுப்பாக வளையும் 'லைத்', வழவழவென்ற 'ஸ்லைமி' இரண்டின் கலவை.

அந்த நான்கு வரிதான் 1871 டிசம்பரில் வெளியான இரண்டாவது ஆலிஸ் கதையில் 'ஜாபர்வாக்கி' என்ற முழுப் பாட்டாக வளர்ந்தது. ஆலிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. முட்டை வடிவ ஹம்ப்டி டம்ப்டிதான் விளக்குகிறார்: புத்தகம் போல இரண்டாகத் திறக்கும் பயணப்பெட்டி மாதிரி, ஒரே வார்த்தைக்குள் இரண்டு அர்த்தங்களை அடைத்து வைத்திருக்கிறதாம். அந்தப் பெட்டியின் பெயர்தான் போர்ட்மாண்டோ.

ஏன் இப்படிக் கலக்குது?

இதற்கும் கரோலிடம் பதில் இருந்தது. 1876-ல் வந்த 'தி ஹண்டிங் ஆஃப் தி ஸ்னார்க்' முன்னுரையில் ஒரு சோதனை சொல்கிறார். 'ஃபியூமிங்', 'ஃபியூரியஸ்' இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு, எதை முதலில் சொல்வது என்று முடிவு பண்ணாமல் வாயைத் திறங்கள். மனம் எந்தப் பக்கமும் சாயாமல் இருந்தால் 'ஃப்ரூமியஸ்' என்று வருமாம். அதாவது, அவர் பார்வையில் இது சோம்பேறித்தனம் இல்லை. இரண்டு அர்த்தமும் ஒரே நேரத்தில் தேவைப்படுகிற மனசின் வேலை.

எது நிலைத்தது?

ஃப்ரூமியஸை இன்று யாரும் பேச்சில் பயன்படுத்துவதில்லை. ஆனால், குலுங்கிச் சிரிப்பதைக் குறிக்கும் 'சார்ட்டில்', தடதடவென நடப்பதைக் குறிக்கும் 'கலம்ஃப்' இரண்டும் ஆங்கில அகராதிகளில் ஏறிவிட்டன. தான் உருவாக்கிய சில வார்த்தைகளுக்குத் தன்னாலேயே விளக்கம் சொல்ல முடியவில்லை என்று கரோல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1898 ஜனவரி 14-ல், 65 வயதில், கில்ஃபோர்டில் நிமோனியாவால் இறந்தார். மோட்டல், பாட்காஸ்ட் எல்லாம் அவருக்குப் பிறகு வந்தவை. வார்த்தையை உருவாக்குவது ஒருத்தர் வேலையாக இருக்கலாம். அதை உயிரோடு வைத்திருப்பது, தினமும் பேசுகிற நம்ம வேலை.