ஆட்டோ வெட்டிகன்

1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதியைச் சென்னை எளிதில் மறக்கவில்லை. அன்றிரவு எம்டன் என்னும் ஜெர்மன் கப்பல் குண்டு வீசித் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திற்று. ஆனால் அதே தினம் காலையில், டச்சுக் கரைக்கு அப்பால் வட கடலில், அதனினும் பெரிய காரியமொன்று முடிந்திருந்தது. அதை முடித்தவர் ஆட்டோ வெட்டிகன்.

1882-ல் வெஸ்ட்பேலியாவிலுள்ள ஹெர்ஃபோர்டு நகரில் பிறந்த வெட்டிகன், யுத்தம் மூண்டபோது யு-9 என்ற நீர்மூழ்கிக் கப்பலின் தலைவராயிருந்தார். அது 500 டன்னும் நிறையாத சிறு கலம். நீர்மட்டத்தில் மண்ணெண்ணெயால் ஓடிப் புகை கக்கும். மூழ்கினால் மின்சாரமே கதி. இத்தகைய கலங்களால் பெரும் போர்க்கப்பல்களுக்கு ஆபத்து நேருமென்று கருதியவர் அக்காலத்தில் சிலரே.

அன்று விடியற்காலையில் அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் குரூஸர்கள் காவற்கப்பல்களின் துணையின்றி மெதுவாகச் சென்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் சுமார் 12,000 டன். வெட்டிகனின் முதல் டார்ப்பிடோ அபூகிரைத் தாக்கிற்று. கண்ணிவெடியென்று எண்ணிய மற்ற இரண்டும், மூழ்குகிறவர்களைக் கரையேற்ற நெருங்கி வந்தன. அந்த ஜீவகாருண்யமே அவற்றுக்கு யமனாயிற்று. கைவசமிருந்த 6 டார்ப்பிடோக்களும் தீர்வதற்குள் மூன்று கப்பல்களும் கடலடி சேர்ந்தன. மாண்டவர் 1,459 பேர். அவர்களில் பள்ளிப் பருவம் கடவாத பயிற்சி மாணவரும் இருந்தனர்.

ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்த இச்சம்பவம் கடற்போரின் நெறியையே மாற்றிற்று. எதிரி நீர்மூழ்கி இருக்கக்கூடிய இடத்தில், தோழன் மூழ்கினாலும் பெரிய கப்பல்கள் நிற்கலாகாதென்று பிரிட்டிஷ் கடற்படை கட்டளையிட்டது. இரக்கம் காட்டுவதே குற்றமாகிவிட்டது.

அக்டோபர் 15-ந் தேதி ஹாக் என்ற மற்றொரு குரூஸரையும் வெட்டிகன் வீழ்த்தினார். 500-க்கு மேற்பட்டோர் மடிந்தனர். ஜெர்மனி அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிற்று. இராணுவத்தின் மிகவுயர்ந்த விருதை அவர் பெற்றார். இரும்புச் சிலுவைச் சின்னத்தைத் தாங்கும் கௌரவம் யு-9 கப்பலுக்கே கிடைத்தது. அப்பெருமையைப் பெற்ற மற்றொரு கப்பல் எம்டன்!

புகழ் நெடுநாள் நிலைக்கவில்லை. 1915 மார்ச் மாதத்தில் யு-29 என்ற புதிய கலத்துடன் புறப்பட்ட வெட்டிகன், 18-ந் தேதி ஸ்காட்லாந்துக்கு வடக்கே பென்ட்லண்டு ஜலசந்தியருகே பிரிட்டிஷ் மகா கப்பற்படையின் நடுவில் அகப்பட்டார். அவருடைய பெரிஸ்கோப்பைக் கண்ட டிரெட்நாட் என்ற போர்க்கப்பல் பாய்ந்து வந்து மோதிற்று. யு-29-ன் முகப்பு ஒரு கணம் நீருக்குமேல் எழுந்து, எண்ணைக் காட்டி, மறைந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. வெட்டிகனுக்கு அப்போது வயது 32.

பீரங்கியின் பருமனையே பலமென்று நம்பிய வல்லரசின் கர்வத்தை அவர் ஒரு காலைப் பொழுதில் உடைத்தார். அவருடைய தீரத்தை மறுப்பாரில்லை. ஆயினும், மூழ்குகிறவனுக்குக் கைகொடுக்கும் மாலுமிகளின் பழைய தர்மமும் அன்றே உடைந்தது. வெற்றியைக் கணக்கிடுவோர் இந்த நஷ்டத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.