மாடி வழியே வந்த நர்சு

1893-ம் ஆண்டு. நியூயார்க் நகரில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கிழக்குப் பகுதி. அங்குள்ள பெண்களுக்கு ஒரு இளம் நர்சு, நோயாளியைக் கவனிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். படுக்கை விரிப்பது எப்படி என்பது அன்றைய பாடம்.

அப்போது ஒரு சிறுமி வந்தாள். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று அழைத்தாள். நர்சு மழையில் அவள் பின்னால் நடந்தார்.

இரண்டே அறை. அதில் ஏழு பேர். போதாதென்று, வாடகை கொடுத்து ஒண்டியிருந்தவர்கள் வேறு! உதிரப்போக்கால் துவண்ட தாய், இரண்டு நாள் இரத்தக்கறை படிந்த படுக்கையில் கிடந்தாள். நர்சு பணிவிடை செய்து முடித்ததும், வீட்டார் அவர் கைகளை முத்தமிட்டார்கள்.

அந்த நர்சுதான் லில்லியன் வால்டு அம்மையார். 1867-ல் சின்சினாட்டி நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். டாக்டர் படிப்பில் சேர்ந்திருந்தார். அன்றோடு அதை விட்டுவிட்டார்.

தோழி மேரி புரூஸ்டருடன் அந்த ஏழைகள் நடுவிலேயே குடியேறினார். நோயாளி நர்சைத் தேடி வரவேண்டாம், நர்சு நோயாளியின் வீட்டுக்குப் போகட்டும் என்பது அவர் எண்ணம். டாக்டர் சீட்டு கேட்கவில்லை. யார் கூப்பிட்டாலும் போனார்கள்.

முடிந்தவர்களிடம் சில சென்டு காசு வாங்கினார்கள். ஏழையிடம் காசா என்று தோன்றும். ஆனால் தர்மம் வாங்கக் கூசுகிறவர்கள், காசு கொடுத்தால் தலைநிமிர்ந்து கூப்பிடுவார்கள் அல்லவா? இல்லாதவர்களுக்கு இலவசம்.

1895-ல் ஜேக்கப் ஷிப் என்ற செல்வர், ஹென்றி தெருவில் ஒரு வீடு கொடுத்தார். நர்சுகள் பெருகினார்கள். ஐந்தாறு மாடி வீடுகள், லிப்டு கிடையாது. ஒரு வீட்டில் இறங்கி அடுத்த வீட்டில் ஏறினால் கால் ஓய்ந்துவிடும். ஆகவே பையும் கையுமாக மொட்டை மாடிச் சுவரைத் தாண்டி, அடுத்த வீட்டுக்குப் போவார்கள்!

பள்ளிகளில் வேறொரு தொல்லை. கண் நோய், படை உள்ள பிள்ளைகளை டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்து போடத்தான் ஆள் இல்லை. அந்தப் பிள்ளைகள் தெருவில் மற்றவர்களோடு விளையாடி, நோயைப் பரப்பினார்கள். 1902-ல் வால்டு, லினா ரோஜர்ஸ் என்ற நர்சை ஒரு மாதம் சோதனையாக 4 பள்ளிகளுக்கு அனுப்பினார். பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். அதன் பின் நகர நிர்வாகமே பள்ளி நர்சுகளை நியமித்தது.

1913-ல் ஹென்றி தெருவின் நர்சுகள் 92 பேர். ஆண்டுக்கு 2 லட்சம் முறை வீடு தேடிப் போனார்கள்.

வால்டு அம்மையார் 1940-ல் காலமானார். அவர் தொடங்கிய நர்சுப் பணி, 1944-ல் தனி நிறுவனமாயிற்று.