கல்லா எந்திரம் விற்ற ஜான் பேட்டர்சன்

கடையில் வியாபாரம் நன்றாக நடக்கிறது. ஆனால், கணக்குப் பார்த்தால் நட்டம்! பணம் எங்கே போகிறது என்று முதலாளிக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இப்படித் தவித்தவர் ஒருவர். அவர் பெயர் ஜான் ஹென்றி பேட்டர்சன்.

நட்டத்தைத் தடுக்க அவர் ஓர் எந்திரம் வாங்கினார். பிறகு அந்த எந்திரத்தைச் செய்து விற்பதே அவருடைய தொழில் ஆயிற்று. பொருளைச் செய்வது ஒரு வித்தை. அதை ஊர் ஊராக விற்பது இன்னொரு வித்தை என்று காட்டியவர் அவர்.

பேட்டர்சன் 1844-ம் ஆண்டு, ஒகையோ மாநிலத்தில் டேட்டன் நகருக்கு அருகே பிறந்தார். விவசாயக் குடும்பம். 1867-ல் கல்லூரிப் படிப்பை முடித்தார். ஊருக்குத் திரும்பியதும் கால்வாயில் படகுகளிடம் சுங்கம் வசூலிக்கும் வேலை கிடைத்தது. பிறகு நிலக்கரி வியாபாரத்தில் இறங்கினார். சுரங்கத் தொழிலாளர்களுக்காக ஒரு கடையும் வைத்தார். அந்தக் கடையில்தான் நட்டம்.

மணி அடித்தது

டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர், விற்பனையைக் கணக்கு வைக்கும் எந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்து, 1879-ல் காப்புரிமை பெற்றிருந்தார். விசையை அழுத்தினால் தொகை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பிறகு அதில் பணப்பெட்டியும் மணியும் சேர்ந்தன. மணி அடிக்காமல் பெட்டி திறக்காது!

பேட்டர்சன் அதை வாங்கித் தம் கடையில் வைத்தார். நட்டம் நின்றது. லாபம் வந்தது.

1884-ல் அந்தக் கம்பெனியையே 6,500 டாலருக்கு வாங்கினார். ஊரார் சிரித்தார்கள். யாரும் வாங்காத பொருளுக்கு இவ்வளவு பணமா என்று கேலி செய்தார்கள். பேட்டர்சன் பயந்துவிட்டார். மறுநாளே விற்றவரிடம் ஓடினார். 2,000 டாலர் தருவதாகவும், கம்பெனியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படியும் கெஞ்சினார். அவர் மறுத்துவிட்டார்.

இனி வேறு வழி இல்லை. விற்றே ஆகவேண்டும்!

எல்லை பிரித்தார்

அப்போது கம்பெனியில் 13 தொழிலாளர்களே இருந்தார்கள். அவர்கள் செய்த எந்திரத்தைக் கடைச் சிப்பந்திகள் வெறுத்தார்கள். தங்களைத் திருடர்கள் என்று சொல்வதாக நினைத்தார்கள். கம்பெனியிலிருந்து முதலாளிக்கு வந்த விளம்பரக் கடிதங்களைக் கிழித்தும் போட்டார்கள். அதனால், கம்பெனியின் பெயர் இல்லாத உறைகளில் கடிதங்கள் போயின.

ஏஜெண்டுகளுக்குள்ளும் சண்டை. ஒருவர் பேசி வைத்த வாடிக்கையாளரை இன்னொருவர் தட்டிக்கொண்டு போவார். பேட்டர்சன் இதற்கு முடிவு கட்டினார். ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் ஓர் எல்லை வகுத்தார். அந்த எல்லைக்குள் யார் விற்றாலும் கமிஷன் அந்த ஏஜெண்டுக்கே! சண்டை ஓய்ந்தது.

எல்லை கொடுத்தவர் இலக்கும் கொடுத்தார். அங்குள்ள மக்கள் தொகையைப் பார்த்து, இத்தனை எந்திரம் விற்கவேண்டும் என்று கணக்கிட்டார். இலக்கை எட்டியவர்களுக்குத் தனிச் சங்கம், பரிசு, பாராட்டு எல்லாம் உண்டு.

பாடம் படித்த ஏஜெண்டுகள்

பேட்டர்சனின் மைத்துனர் ஜோசப் கிரேன் நிறைய எந்திரங்கள் விற்றுவந்தார். அவர் ஒவ்வொரு கடைக்காரரிடமும் ஒரே பேச்சைத்தான் பேசினார். அந்தப் பேச்சை 1887-ல் சிறு புத்தகமாக அச்சிட்டு, எல்லா ஏஜெண்டுகளும் மனப்பாடம் செய்யவேண்டும் என்றார் பேட்டர்சன். சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால், படித்தவர்கள் அதிகம் விற்றார்கள்!

கடையில் கூட்டமும் கூச்சலுமாக இருக்கும். அதனால் கடைக்காரரை ஓட்டல் அறைக்கு அழைத்துவந்து, அமைதியாக எந்திரத்தை இயக்கிக் காட்டும்படி சொல்லிக்கொடுத்தார். பின்னர் ஏஜெண்டுகளுக்கென்று பள்ளிக்கூடமே திறந்தார்.

திரும்பி வந்த சரக்கு

1894-ல் பெரிய அடி விழுந்தது. இங்கிலாந்துக்கு அனுப்பிய 50,000 டாலர் பெறுமான எந்திரங்கள் பழுது என்று திரும்பி வந்தன.

பேட்டர்சன் தம் மேஜையைத் தொழிற்சாலைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். இருட்டு, அழுக்கு, அக்கறை இல்லாத வேலை. அவர் கண் திறந்தது. கூலியை உயர்த்தினார். வெளிச்சம் வரக் கண்ணாடிச் சுவர் வைத்துப் புதுக் கட்டிடங்கள் கட்டினார். வேலை செய்த பெண்களுக்குச் சூடான சாப்பாடு கிடைத்தது.

சரக்கு நன்றானது. விற்பனை பெருகியது. 1911-க்குள் 10 லட்சம் எந்திரங்கள் விற்றுவிட்டன.

சிறைத் தண்டனை

ஆனால், ஆசைக்கு அளவில்லை. போட்டிக் கம்பெனிகளை ஒழிக்கக் கம்பெனி தவறான வழிகளில் இறங்கியது. வழக்கு வந்தது. 1913 பிப்ரவரியில் பேட்டர்சனுக்கு ஓராண்டுச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் விதித்துத் தீர்ப்பு ஆயிற்று. அவரிடம் வேலை பார்த்த தாமஸ் வாட்சனுக்கும் சிறைத் தண்டனை. அவர்கள் மேல் கோர்ட்டுக்குப் போனார்கள்.

அடுத்த மாதமே டேட்டன் நகரை வெள்ளம் சூழ்ந்தது. பேட்டர்சனின் தொழிற்சாலை மேட்டில் இருந்தது. எந்திரம் செய்வதை நிறுத்திவிட்டுப் படகு செய்யச் சொன்னார். சுமார் 300 படகுகள் தயாராயின. வீட்டுக்கூரைகளில் தவித்தவர்களை அந்தப் படகுகள் மீட்டு வந்தன. தொழிற்சாலையிலேயே அவர்களுக்கு உணவும் படுக்கையும் கிடைத்தன.

ஊர் அவரைக் கொண்டாடியது. அவரை மன்னிக்கும்படி ஜனாதிபதிக்கு மனுக்கள் போயின. 1915-ல் மேல் கோர்ட்டு தீர்ப்பைத் தள்ளியது. பேட்டர்சன் சிறைக்குப் போகவில்லை. செய்த உதவி புகழைத் தந்தது. செய்த தவறும் மறையவில்லை.

பேட்டர்சன் முன்கோபக்காரர். தமக்குப் பிடிக்காத அதிகாரிகளை நொடியில் விலக்கிவிடுவார். 1914-ல் வாட்சனையும் விலக்கினார். வாட்சன் வேறொரு கம்பெனிக்குப் போனார். அதுதான் 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் மாறியது. எல்லை, இலக்கு, பள்ளிக்கூடம் என்று பேட்டர்சனிடம் கற்ற பாடங்களை வாட்சன் அங்கே நடத்தினார்.

1922 மே 7-ந்தேதி, ரெயிலில் போய்க்கொண்டிருந்தபோதே பேட்டர்சன் உயிர் நீத்தார். அவருக்கு அப்போது வயது 77.

இன்று எந்தக் கம்பெனியில் விற்பனை வேலைக்குச் சேர்ந்தாலும், முதலில் பயிற்சி தருகிறார்கள். பிறகு ஓர் எல்லையும் இலக்கும் தருகிறார்கள். அந்த வழக்கத்தை வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர், ஊரார் கேலி செய்த அந்தக் கடை முதலாளிதான்!