வாளைப் பார்த்தே வரலாறு சொன்ன குடும்பம்... யார் இந்த ஹொனாமி கோயெட்சு?

ஓரிகாமி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது காகிதக் கொக்குதான். ஆனால் ஜப்பானில் ஒருவரையோ ஒரு பொருளையோ 'ஓரிகாமி உள்ளது' என்று சொன்னால், தரத்துக்கு முழு உத்தரவாதம் இருக்கிறது என்று அர்த்தம். காகிதக் கொக்குக்கும் உத்தரவாதத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஓரிகாமி என்றால் மடித்த காகிதம். சுமார் 400 வருஷத்துக்கு முன்னால், ஒரு பழைய வாள் அசலா போலியா, யார் செய்தது, என்ன விலை பெறும் என்பதை ஆராய்ந்து, மடித்த காகிதத்தில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்துக்கும் இதே பெயர்தான். அதைக் கொடுக்கும் உரிமை ஜப்பானிலேயே ஒரே ஒரு குடும்பத்திடம் இருந்தது. அதுதான் ஹொனாமி குடும்பம்.

அந்தக் குடும்பத்தில் பிறந்து உலகப் புகழ் பெற்றவர் ஹொனாமி கோயெட்சு. 'வேகபாண்ட்' மாங்கா படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதுசு இல்லை. மற்றவர்களுக்காக, அவருடைய கதையை முதலில் இருந்து பார்க்கலாம்.

வாளுக்கு எதுக்கு சான்றிதழ்?

சாமுராய் காலத்தில் வாள் வெறும் ஆயுதம் மட்டும் இல்லை. போரில் ஜெயித்த தளபதிக்குப் பரிசு வாள். இரண்டு பிரபுக்கள் சமாதானம் ஆனால் அன்பளிப்பு வாள். வாரிசு பதவிக்கு வந்தால் காணிக்கையும் வாள்தான். ஊரையே எழுதிக் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு நல்ல வாளைக் கொடுத்து முடித்த காலம் அது.

அப்படியென்றால் அந்த வாள் அசலாக இருக்க வேண்டாமா? சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

வாள் செய்த கொல்லர் தன் பெயரைக் கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டில்தான் செதுக்குவார். உளி பிடிக்கத் தெரிந்த யார் வேண்டுமானாலும் அங்கே ஒரு பெரிய பெயரைச் செதுக்கிவிடலாம். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம் இதற்கு நேர் எதிர். குதிரை மேல் இருந்து சண்டை போட்ட காலத்து வாள்கள் ரொம்ப நீளம். பிற்காலத்தில் தரையில் நின்று சண்டை போட ஆரம்பித்ததும் அவற்றைச் சின்னதாக்கினார்கள். முனையை வெட்ட முடியாது, அடிப்பக்கத்தைத்தான் வெட்ட முடியும். அப்போது கொல்லரின் பெயரும் சேர்ந்து போய்விடும்.

ஆக, பெயர் இருக்கும் போலியும் உண்டு, பெயரே இல்லாத அசலும் உண்டு. ஜப்பானின் மிகப் பெரிய வாள் கொல்லராகச் சொல்லப்படும் மசமுனேயின் வாள்களில் பெரும்பாலானவற்றில் அவர் பெயரே கிடையாது. அப்படியானால் அது மசமுனே செய்தது என்று யார் சொல்வது? சொன்னால் எல்லோரும் நம்ப வேண்டுமே?

வாளை எப்படி 'படிப்பார்கள்'?

நம்ம ஊர் ஆசாரி உரைகல்லில் தங்கத்தை உரசி மாற்று சொல்கிற மாதிரி, வாளுக்கும் சில கணக்குகள் உண்டு.

முதலில் உருவம். 13ஆம் நூற்றாண்டு வாள் அடிப்பக்கம் நன்றாக வளைந்து, நுனிக்குப் போகப்போக ஒல்லியாகும். 14ஆம் நூற்றாண்டில் அகலமும் நீளமும் மிரட்டும். 16ஆம் நூற்றாண்டில் ஒற்றைக் கையால் சட்டென்று உருவக் கூடிய குட்டை வாள்கள் வந்தன. வளைவைப் பார்த்தே காலத்தைச் சொல்லிவிடலாம்.

அடுத்து இரும்பின் மேற்பரப்பு. உருக்கை மடித்து மடித்து அடிப்பதால் மரப்பலகையில் தெரிகிற ரேகை மாதிரி ஒரு வடிவம் வரும். அந்த ரேகை ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை மாறும்.

மூன்றாவதாக 'ஹமோன்'. வாள் முழுக்கக் களிமண் பூசி, வெட்டும் விளிம்பில் மட்டும் மெல்லிசாக விட்டு, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். விளிம்பு சீக்கிரம் குளிர்ந்து கெட்டியாகும், முதுகுப்பக்கம் கொஞ்சம் மெதுவாகக் குளிர்ந்து தாங்கும் தன்மையோடு இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளைப் புகை மாதிரி ஒரு கோடு தெரியும். அலை மாதிரியோ, நேராகவோ, கிராம்பு மொட்டு வரிசை மாதிரியோ இருக்கும் அந்தக் கோடு கொல்லரின் கையெழுத்து மாதிரி.

கடைசியாக அடித்தண்டு. இதை மட்டும் தீட்டவே மாட்டார்கள். நூற்றாண்டுகளாகப் படிந்த துருவின் நிறமும், அரம் போட்ட கோடுகளும் வயசைச் சொல்லும். பெயர் இருந்தால் அதையும் பார்ப்பார்கள், ஆனால் எல்லாம் பார்த்த பிறகுதான். இன்றைக்கும் ஜப்பானில் வாள் பயிற்சிக் கூட்டங்களில் அடித்தண்டை மூடி வைத்துவிட்டு, யார் செய்தது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள்.

ஒரு முக்கியமான விஷயம். தீட்டினால்தான் இந்த ரேகையும் ஹமோனும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கொஞ்சம் இரும்பு போய்விடும், திரும்ப வராது. தப்பான ஆள் கையில் கிடைத்தால் 300 வருஷ வாளும் ஒரு வாரத்தில் வீணாகும்.

கியோட்டோவில் பிறந்த பிள்ளை

1558இல் கியோட்டோவில் பிறந்தார் கோயெட்சு. அப்பா கோஜி, அம்மா மியோஷூ. ஹொனாமி வீட்டில் மூன்று வேலைகள்: வாளைத் தீட்டுவது, துடைத்துப் பராமரிப்பது, மதிப்பிடுவது. பல தலைமுறையாக இதுதான் தொழில்.

அப்பா கோஜி இந்த வீட்டுக்கு மருமகனாக, வாரிசாக வந்தவர். பிறகு மாமனாருக்குச் சொந்த மகன் பிறந்ததால் கோஜி தனிக்கிளையாகப் பிரிந்தார். அதனால் கோயெட்சு மூத்த வாரிசு வரிசையில் இல்லை. சான்றிதழ் எழுதும் அதிகாரம் மூத்த கிளையிடம்தான் இருந்தது. அந்தக் காலத்து ஆட்சியாளர் டோயோடோமி ஹிதேயோஷி அந்த உரிமையை மூத்த கிளையின் கோதோகுவுக்குக் கொடுத்திருந்தார்.

கோயெட்சுவின் கிளைக்குக் காகா நாட்டுப் பிரபுக்களான மாயேதா குடும்பத்தின் ஆதரவு இருந்தது. வருஷத்துக்கு 200 கொக்கு அரிசி மானியம். ஒரு கொக்கு என்பது ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடுகிற அளவு என்று கணக்கு. வசதியான வாழ்க்கைதான்.

இன்னொரு நல்லதும் நடந்தது. சாமுராய் வாள் என்பது வெறும் இரும்பு இல்லை. உறைக்கு அரக்குப் பூச்சு, கைப்பிடிக்குத் திருக்கை மீன் தோல், பட்டுக் கயிறு, கைக்காப்புக்கு உலோக வேலை என்று பத்துப் பதினைந்து தொழில்கள் ஒரே பொருளில் சேரும். அந்தக் கைவினைஞர்கள் எல்லோரும் வந்து போகிற வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, எந்தப் பொருளைப் பார்த்தாலும் எது நல்ல வேலை, எது ஏமாற்று என்று தெரிந்துவிடும். கோயெட்சுவின் மற்ற திறமைகளுக்கெல்லாம் வேர் இந்தக் கண்தான்.

தள்ளுபடியே வேண்டாம் என்றவர்

கோயெட்சு பற்றி ஒரு கதை சொல்வார்கள். தேநீர்த் தூள் வைக்கும் சின்ன ஜாடி ஒன்று அவருக்குப் பிடித்துப் போனது. விலை 30 தங்கப் பணம். கையில் அவ்வளவு இல்லை. விற்பவர் இவர் ஆசையைப் பார்த்துவிட்டு விலையைக் குறைக்கிறேன் என்றார். கோயெட்சு சம்மதிக்கவில்லை. அந்தப் பொருளுக்கு அந்த விலை நியாயம்தான் என்று வீட்டை விற்று, மீதிக்குக் கடன் வாங்கி முழுப் பணத்தையும் கொடுத்தாராம்.

பிழைக்கத் தெரியாதவர் என்று தோன்றலாம். ஆனால் அவர் குடும்பத் தொழிலை யோசித்துப் பாருங்கள். ஊருக்கெல்லாம் விலை சொல்கிற வீட்டுப் பிள்ளை, தனக்கு வேண்டிய பொருளுக்கு மட்டும் விலையைக் குறைத்தால் நாளைக்கு அவர் சொல்லை யார் நம்புவார்கள்? நம்பிக்கை ஒன்றுதான் ஹொனாமி வீட்டின் மூலதனம்.

வாளில் இருந்து தூரிகைக்கு, களிமண்ணுக்கு

நாற்பது வயசுக்கு மேல் கோயெட்சுவின் பெயர் வேறு பக்கம் பரவியது. எழுத்துக்கலையில் அவர் காலத்தின் மூன்று பெரிய தூரிகைகளில் ஒருவர் அவர். மற்ற இருவர் பிரபு கொனோயே நொபுதாதா, துறவி ஷோகாதோ ஷோஜோ.

தவாராயா சோதாட்சு என்ற ஓவியர் தங்கம், வெள்ளி மையில் கொக்குக் கூட்டம் வரைய, அதன் மேலேயே கோயெட்சு கவிதைகளை எழுதிய நீளமான சுருள் இன்று கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வணிகர் சுமினோகுரா சோவானோடு சேர்ந்து அச்சிட்ட அழகான புத்தகங்கள் 'சாகா பதிப்பு' என்று பெயர் வாங்கின.

அரக்கு வேலையில் அவர் பெயரில் இருக்கும் 'படகுப்பாலம்' எழுதுபொருள் பெட்டி டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் தேசியப் பொக்கிஷம். மூடி மலை மாதிரி உப்பி நிற்கும், குறுக்கே ஈயத்தகட்டில் ஒரு பாலம்.

வயதான பிறகு களிமண்ணையும் கையில் எடுத்தார். ராக்கு குடும்பத்துக் குயவர்களிடம் மண்ணும் சூளையும் வாங்கி, சக்கரம் இல்லாமல் கையாலேயே தேநீர்க் கிண்ணங்கள் செய்தார். மேல்பாதி வெள்ளையாகவும் கீழ்ப்பாதி கரிந்தும் இருப்பதால் 'ஃபூஜி மலை' என்று பெயர் பெற்ற கிண்ணமும் இன்று தேசியப் பொக்கிஷம். இத்தனைக்கும் அவர் தொழில்முறைக் குயவர் இல்லை.

1615: பரிசா, நாடு கடத்தலா?

1615இல் ஒசாகா கோட்டை விழுந்தது. டோயோடோமி வம்சம் முடிந்து டோக்குகாவா இயெயாசு அசைக்க முடியாத ஆட்சியாளர் ஆனார். கோயெட்சுவின் தேநீர்க் கலை குரு ஃபுருதா ஒரிபே எதிரிப் பக்கத்தோடு தொடர்பு வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்ள உத்தரவு வந்தது. அதை நிறைவேற்றினார்.

அதே வருஷம் கோயெட்சுவுக்கு இயெயாசுவிடம் இருந்து ஒரு நிலம் கிடைத்தது. கியோட்டோவின் வடமேற்கில் மலையடிவாரம், பெயர் தகாகமினே. வழிப்பறிக்குப் பேர்போன பாதை.

குடும்பக் குறிப்புகள் இதைக் கௌரவம் என்கின்றன. ஆனால் குரு இறந்த அதே வருஷம், செல்வாக்குள்ள ஒருவரை ஊர் எல்லைக்கு அனுப்பியது மரியாதையான நாடு கடத்தல்தான் என்று சில வரலாற்றாய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

எதுவாக இருந்தாலும் கோயெட்சு முடங்கவில்லை. சொந்தக்காரர்கள், காகிதம் செய்பவர், தூரிகை செய்பவர், வணிகர் என்று பலரையும் கூட்டிக்கொண்டு போனார். பழைய வரைபடத்தில் 55 வீட்டு மனைகள் இருக்கின்றன. நிச்சிரென் புத்த மதப் பிரிவில் ஆழ்ந்த நம்பிக்கை கொண்ட அவர்கள், வேலையும் வழிபாடுமாக அங்கே வாழ்ந்தார்கள். அங்கே மனை பெற்றவர்களில் ஒருவர் அவர் அக்கா தங்கை வழி வந்த ஒகாதா சோஹாகு. அவருடைய பேரன்தான் பின்னாளில் 'ரின்பா' ஓவிய மரபுக்கே பெயர் கொடுத்த ஒகாதா கோரின்.

1637இல் கோயெட்சு இறந்தார். ஜப்பானியக் கணக்கில் வயது 80. அவர் வாழ்ந்த இடம் இப்போது கோயெட்சுஜி கோயில். அவர் பெயரில் வழங்கும் வளைந்த மூங்கில் வேலியும், இலையுதிர்காலச் சிவப்பு இலைகளும் பார்க்கவே கூட்டம் போகும். கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

அந்தச் சான்றிதழ் என்ன ஆனது?

அவருக்குப் பிறகும் மூத்த கிளை வேலையைத் தொடர்ந்தது. 8ஆவது டோக்குகாவா ஷோகன் யோஷிமுனேயின் உத்தரவில், 13ஆவது தலைவர் ஹொனாமி கோச்சூ 1719இல் நாட்டின் பெயர்பெற்ற வாள்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். தீயில் எரிந்து போனவையும் அதில் உண்டு. இன்றும் சேகரிப்பாளர்களுக்கு அது அடிப்படை ஆவணம்.

கோச்சூ காலம் வரை எழுதிய சான்றிதழ்களுக்கு இன்றும் தனி மதிப்பு. அதற்குப் பிறகுதான் சரிவு. பிரபுக்களுக்குப் பரிசு கொடுக்க விலை அதிகமான வாள் வேண்டும். வாள் கிடைக்காவிட்டால் என்ன, காகிதத்தில் விலையை ஏற்றினால் போதுமே! பிற்காலச் சான்றிதழ்களில் மதிப்பு ஊதிப் பெருத்ததால், நிபுணர்கள் அவற்றை அப்படியே நம்புவதில்லை. காகிதம் அசல்தான், சொன்ன விஷயம்தான் சந்தேகம்.

இதன் விலையை ஹொனாமி குடும்பம் பிறகு கொடுத்தது. 1896இல் வாள் நிபுணர் இமாமுரா சோகா, மசமுனேயின் புகழே ஹொனாமி வீட்டார் ஊதிவிட்டது என்கிற ரீதியில் கேள்வி எழுப்ப, பெரிய சர்ச்சை வெடித்தது. பெயர் செதுக்கிய சில குறுவாள்களும் பழைய ஆவணங்களும் இருப்பதால் மசமுனே நிஜ மனிதர்தான் என்பது இன்றைய பொதுவான முடிவு. ஆனால் பெயர் இல்லாத எந்த வாள் அவருடையது என்ற கேள்வி ஓயவில்லை.

இப்போது அந்த இடத்தில் இருப்பது 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம். நிபுணர் குழு பார்த்துத் தரம் பிரித்துச் சான்றிதழ் தருகிறது. முறை மாறியிருக்கலாம், ஆனால் உருவம், ரேகை, ஹமோன், அடித்தண்டு என்ற வரிசை மாறவில்லை.

கடைசியாக ஒரு குறுவாள்

2024 தொடக்கத்தில் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் கோயெட்சுவுக்காகப் பெரிய கண்காட்சி நடந்தது. அதில் எல்லோரும் நின்று பார்த்த ஒரு பொருள், அவரே வைத்திருந்ததாகச் சொல்லப்படும் குறுவாள். செய்தவர் மசமுனேயின் சீடராகச் சொல்லப்படும் கனேவூஜி. அடித்தண்டில் தங்கத்தில் பதித்த ஒரு சொல்: 'ஹனாகதாமி'. மலரின் நினைவு என்பது போல அர்த்தம்.

எத்தனையோ வாள்களுக்கு மதிப்பு சொன்ன வீட்டின் பிள்ளை, தனக்கென்று வைத்துக்கொண்டது ஒரு சின்னக் குறுவாள். அதிலும் கொல்லர் தன் பெயரைத் தெளிவாகச் செதுக்கியிருக்கிறார்.