சணலும் புனலும்: ஜகதீஷ் சந்திர போஸ்

1858-இல் வங்காளத்தில் பிறந்தவர் போஸ். குடியானவர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளோடு தாய்மொழிப் பள்ளியில் படித்தார். 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானபோது, வெள்ளையரைவிடக் குறைந்த சம்பளமாம்! மூணு வருஷம் அதைத் தொடாமலே பாடம் நடத்தி, முழுச் சம்பளத்தையும் வாங்கிக் காட்டினார்.

1894 முதல் ஒரு சின்ன அறையில், தகரக் கொல்லர் ஒருவர் துணையோடு கருவி செய்து, 5 மில்லிமீட்டர் வரை குறுகிய மைக்ரோ அலைகளை உண்டாக்கினார். வயலில் விளையும் சணலை முறுக்கி வைத்தே அலையின் அதிர்வுத் தளத்தைத் திருப்பினார்.

அலையை வாங்க அவர் வைத்த புனல்தான் ஹார்ன் ஆன்டெனாவுக்கு முன்னோடி. பயிரும் மண்ணும் வெளிவிடும் மைக்ரோ அலையை அளந்து ஈரம் பார்க்கும் ரேடியோமீட்டர்களிலும் அந்தப் புனலைக் காணலாம்.

1937-இல் போஸ் மறைந்தார். நண்பர்களே, டிப்ளமோக்காரன் எனக்கு அந்தத் தகரக் கொல்லரும் ஒரு விஞ்ஞானிதான்!