ராஜ்குமாரி அம்ரித் கௌர்: உலக சுகாதார அமைப்பின் உதவியை இந்தியா பயன்படுத்தியது எப்படி?

உலக சுகாதார அமைப்பு ஒரு நாட்டுக்கு உதவுகிறது என்று செய்திகளில் அடிக்கடி கேட்கிறோம். அப்படின்னா என்ன? பணத்தை அள்ளிக் கொடுப்பதா? மருத்துவமனை கட்டித் தருவதா? பெரும்பாலும் ரெண்டுமே இல்லை. உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, சுதந்திர இந்தியாவின் முதல் சுகாதார அமைச்சரின் வாழ்க்கையைப் பார்த்தாலே போதும்.

யார் இந்த ராஜ்குமாரி?

கபூர்தலா அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் அம்ரித் கௌர். பிறந்தது லக்னோவில், பள்ளிப் படிப்பு இங்கிலாந்தில். வசதியான வாழ்க்கையை விட்டுவிட்டு காந்தியின் ஆசிரமத்துக்கு வந்தவர், பல ஆண்டுகள் அவருடைய செயலாளராக இருந்தார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். 1947-ல் நேரு அமைச்சரவையில் இடம்பெற்ற ஒரே பெண் இவர்தான். கையில் கிடைத்தது சுகாதாரத் துறை.

அன்றைய நிலைமை என்ன?

ரொம்ப மோசம். மலேரியா ஆண்டுக்கு சுமார் 7.5 கோடி பேரைத் தாக்கியது. சுமார் 8 லட்சம் பேர் இறந்தார்கள். காசநோயால் ஆண்டுக்கு 5 லட்சம் பேர் வரை இறந்தார்கள். நோயாளிகள் லட்சக்கணக்கில், மருத்துவமனைப் படுக்கைகளோ சில ஆயிரம்தான். பிரிவினை அகதிகளின் சுமை வேறு. புது நாட்டிடம் பணமும் இல்லை, பயிற்சி பெற்ற ஆட்களும் போதவில்லை.

உதவி எப்படி வந்தது?

1948-ல் உலக சுகாதார அமைப்பு செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டு இந்தியா உறுப்பினரானது. 1949-ல் தென்கிழக்கு ஆசியாவுக்கான மண்டல அலுவலகம் டெல்லியில் திறக்கப்பட்டது. 1950-ல் உலக சுகாதாரப் பேரவைக்கு அம்ரித் கௌர் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண், முதல் ஆசியர் இவர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த அமைப்பு தானாக ஒரு நாட்டுக்குள் வந்து வேலை செய்யாது. அரசு கேட்க வேண்டும். கேட்டால் நிபுணர்களை அனுப்பும், உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி தரும், எந்த முறை பலன் தருகிறது என்று சோதித்துக் காட்டும். மருந்து, கருவி, வண்டி போன்றவற்றை அந்தக் காலத்தில் பெரும்பாலும் யுனிசெஃப் கொடுத்தது. ஊழியர் சம்பளமும் அன்றாட நிர்வாகமும் அரசின் பொறுப்பு.

மலேரியாவில் நடந்ததும் இதுதான். தராய், மலபாரின் ஏறநாடு போன்ற சில பகுதிகளில் உலக சுகாதார அமைப்பின் குழுக்கள் வீடுகளில் டிடிடி மருந்து அடித்துக் காட்டின. பலன் தெரிந்ததும் 1953-ல் நாடு தழுவிய மலேரியா தடுப்புத் திட்டத்தை இந்தியா தொடங்கியது. மருந்தை எத்தனை நாள்தான் வெளியிலிருந்து வாங்குவது? இரண்டு அமைப்புகளின் உதவியோடு டெல்லியில் டிடிடி தொழிற்சாலையே அமைந்தது.

சென்னைக்கு என்ன தொடர்பு?

காசநோய்த் தடுப்புக்கான பிசிஜி மருந்து தயாரிக்கும் ஆய்வகம் 1948-ல் கிண்டியில் உருவானது. ஊசி போடும் இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. ஆனால் எதிர்ப்பு வந்தது. எதிர்த்தவர் சாதாரண ஆள் இல்லை, ராஜாஜி! 1955-ல் இதற்காகவே ஒரு சிறு நூல் எழுதினார். இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஒரே ஊசியைப் போடுவது சரியா என்பது அவருடைய கவலை. அம்ரித் கௌர் பின்வாங்கவில்லை, இயக்கம் தொடர்ந்தது.

யார் சொன்னது சரி? பதில் அவ்வளவு எளிதல்ல. பின்னாளில் செங்கல்பட்டில் நடந்த பெரிய ஆய்வில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுப்பதால், பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் அந்த ஊசி போடப்படுகிறது.

உலகமே திரும்பிப் பார்த்த இன்னொரு வேலையும் சென்னையில்தான் நடந்தது. 1956-ல் உலக சுகாதார அமைப்பு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து ஒரு காசநோய் ஆய்வு மையத்தைத் தொடங்கின. ஒரு பகுதி நோயாளிகளுக்கு வீட்டிலேயே மாத்திரை, மற்றவர்களுக்கு மருத்துவமனையில் சிகிச்சை. 1959-ல் முடிவு வந்தது: குணமாவதில் ரெண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தினருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. படுக்கை கிடைக்காத ஏழை நாடுகளுக்கெல்லாம் இது வழிகாட்டியானது.

மிச்சம் இருப்பது என்ன?

அம்ரித் கௌர் 1957-ல் அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அதற்கு முந்தைய ஆண்டே எய்ம்ஸ் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். அதன் கட்டுமானத்துக்கு நியூசிலாந்து நிதி கொடுத்தது. சிம்லாவில் இருந்த தன் வீட்டையும் எய்ம்ஸுக்கே கொடுத்துவிட்டார். 1964-ல் அவர் காலமானார்.

அவர் இறந்த சமயத்தில் நாட்டில் மலேரியா பாதிப்பு சுமார் ஒரு லட்சமாகக் குறைந்திருந்தது. ஆனால் கண்காணிப்பு தளர்ந்தது, டிடிடிக்குக் கொசுக்களும் பழகிக்கொண்டன. 1976-ல் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. வெளியிலிருந்து வரும் உதவி ஒரு வேலையைத் தொடங்கி வைக்கும். அதை விடாமல் நடத்த வேண்டியது அந்தந்த நாட்டு அரசுதான்.